தந்தக் கட்டி ஒன்று, உரிமையாளர் உட்பட

நடைமுறைக் கையேடு, விதி பதினொன்று: அறுவை சிகிச்சையில் உடலிலிருந்து அகற்றப்படும் எந்தப் பகுதியும், அதன் அளவு எதுவாக இருப்பினும், நோயாளியிடமோ அவர் உறவினரிடமோ ஒப்படைக்கப்படலாகாது. மருத்துவமனைப் பணியாளர் ஒருவர் மூலம், உரிய படிவத்துடன், நோய்க்கூறியல் துறைக்கு நேரடியாக அனுப்பப்பட வேண்டும்.

இந்த விதியை எழுதியவன் நான். கையேட்டில் உள்ள மற்ற விதிகளையும் நானே எழுதினேன். வேறு யாரும் அந்த வேலைக்கு முன்வரவில்லை. 'ஒப்படைக்கப்படலாகாது' என்பதா 'ஒப்படைக்கக் கூடாது' என்பதா என்று அரை நாள் யோசித்தது நினைவிருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் நாளே அந்தக் கையேட்டைக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் அதைப் படித்திருக்க மாட்டீர்கள். உங்கள் வயதில் நானும் எந்தக் கையேட்டையும் படித்ததில்லை. அதனால் விதியை எழுதியவனே அதை மீறினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். இதையாவது மறக்க மாட்டீர்கள்.

குணசேகரன் வியாசர்பாடிக்காரர். எண்ணூர் போகும் சாலையில் உள்ள ஒரு கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுபவர். ஐந்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே இருக்கும் இரும்புப் பெட்டிகளை எடுத்து லாரிமேல் வைக்கிற வேலை. புறநோயாளிப் பிரிவில் என் எதிரே உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம் இது:

"சார், ரெண்டு பொட்டி தெரியுது."

"எப்போதிருந்து?"

"தீவாளிக்கு முன்னாடிலேர்ந்து. மேல குந்திகினு கீழ பாத்தா ஒரு பொட்டி ரெண்டா தெரியும். எதுல மாட்றதுன்னே தெரியாது. ஒரு கண்ண மூடிக்கினா ஒண்ணாயிடும்."

"பிறகு என்ன செய்தீர்கள்?"

"மூடிக்கினே ஓட்டினேன்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி செல்வி, எம்.கே.பி. நகரில் டிபன் கடை நடத்துபவர், நெற்றியில் அடித்துக்கொண்டார். "வூட்ல ஒரு வார்த்த சொல்லல சார். நானும் பாக்கறேன், இன்னாடா இந்தாளு எந்நேரமும் கண்ணடிச்சிகினே கீறானேன்னு. இந்த வயசுல எதுக்குடா இதுன்னு கேட்டா சிரிக்கிறான்."

வலது கண் சற்றுக் கீழே இறங்கி, வெளிப்பக்கம் தள்ளியிருந்தது. ஸ்கேன் எடுத்தோம். வலது புருவத்துக்கு மேலே, நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறையில், பால் வெள்ளையில் ஒரு கட்டி. அது சளி வடியும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. வழியில்லாத சளி அறைக்குள் தேங்கிப் பை போல உப்பி, கண்ணைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது.

இந்த எலும்புக் கட்டிகளைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. பெரும்பாலானவற்றைத் தொடாமல் விடுவதுதான் சிகிச்சை என்பது தெரியும். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தெரியும். கோலிக்குண்டு மாதிரி ஓரமாக இருக்கும். யாருக்கும் தொல்லை தராது. அவசரப்பட்டு அதை எடுக்கிறவர், நோயாளியைவிடத் தன் கைக்குத்தான் வைத்தியம் பார்க்கிறார். இது அந்த வகை அல்ல. இது கண்ணைத் தள்ளுகிறது. இதை எடுத்தாக வேண்டும்.

"கட்டி" என்று சொல்லி, ஸ்கேன் படத்தில் அதைத் தொட்டுக் காட்டினேன்.

"கட்டின்னா..." என்றார் செல்வி. "அந்தக் கட்டியா?"

"அந்தக் கட்டி இல்லை. வெறும் எலும்பு. பரவாது, திரும்பி வராது, உயிருக்கு ஒன்றும் செய்யாது."

"இத்த அவன் கம்பெனில யாரு சார் நம்புவா?"

அந்தக் கேள்விதான் இந்தக் கதை முழுவதும். யார்டில் குணசேகரன் ஒப்பந்தத் தொழிலாளி. தலையில் கட்டி என்று தெரிந்ததும் கிரேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். புற்று இல்லை என்று திசுப் பரிசோதனை அறிக்கை, அதாவது பயாப்ஸி, கையில் வர வேண்டும்; விடுப்பில் போன நாளிலிருந்து முப்பது நாளுக்குள் வர வேண்டும்; வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். பதினாறு வருடம் ஓட்டிய கிரேன். வெளியே அதே வேலைக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் ஒரு பெட்டி ஒரு பெட்டியாகத்தான் தெரிகிறது.

பொங்கல் கழிந்த வாரத்தில் அறுவை சிகிச்சை செய்தேன். மூக்கு வழியாகக் குழாய்க் கருவியும், புருவத்தில் ஒரு சிறு கீறலும். அது எப்படிச் செய்வது என்று புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒரு நிமிடத்தை மட்டும் சொல்கிறேன். கட்டியின் பின்பக்கம் அறையின் பின்சுவரோடு ஒட்டியிருந்தது. அந்தச் சுவர் காகிதம் போல. அதற்கு அப்பால் மூளையின் உறை. துளைப்பான் என் கையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நகத்தின் கனத்துக்கு ஒரு சிறு தகடு மட்டும் மிச்சம். எடுத்தால் ஸ்கேன் அழகாக இருக்கும். எடுக்கும்போது சுவர் கிழிந்தால் மூளைநீர் மூக்கு வழியாக ஒழுகும். அந்தத் தகடு இன்னும் முப்பது வருடம் அங்கேயே இருந்தாலும் குணசேகரனுக்குத் தெரியப்போவதில்லை. நான் துளைப்பானை நிறுத்தினேன். அடைப்பு நீங்கிவிட்டது, கண் தன் இடத்துக்கு வரத் தொடங்கிவிட்டது, அதற்குத்தான் உள்ளே போனோம். உள்ளே எதற்குப் போனோம் என்பதை உள்ளே இருக்கும்போது நினைவில் வைத்திருப்பது நீங்கள் நினைப்பதைவிடக் கடினம்.

அந்தத் தகடு தவிர, கட்டி ஒரே துண்டாக வெளியே வந்தது. இலந்தைப் பழத்தின் அளவு, இஞ்சித் துண்டின் வடிவம், மெருகேற்றியது போன்ற வெண்மை. சிஸ்டர் அதை டிரேயில் போட்டபோது 'டங்' என்று சத்தம் வந்தது.

இங்கேதான் என் தமிழ்ப்பற்று குறுக்கே வந்தது. படிவங்களைத் தமிழில் நிரப்ப வேண்டும் என்று அந்த மாதம் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. மற்றவர்கள் கண்டுகொள்ளவில்லை. நான் கண்டுகொண்டேன். சுற்றறிக்கைகளைக் கண்டுகொள்கிறவன் என்று எனக்குப் பெயர் உண்டு. மிகக் கெட்டியான, அடர்த்தியான எலும்புக் கட்டிக்கு ஆங்கிலத்தில் 'ஐவரி' என்று அடைமொழி சேர்ப்பார்கள், தந்தம் போல இருப்பதால். ஜாடியின் சீட்டில் என் கையெழுத்தில், கருப்பு மையில், அழகாக எழுதினேன்:

*தந்தக் கட்டி – 1. உரிமையாளர்: குணசேகரன்.*

நோயாளி பெயர் என்று எழுதியிருக்கலாம். 'உரிமையாளர்' இன்னும் துல்லியமாகப் பட்டது. உடம்பு அவருடையது அல்லவா.

எங்கள் நோய்க்கூறியல் துறையின், அதாவது பேத்தாலஜியின், தலைவி என்னைவிட மூன்று வருடம் இளையவர். என் வாழ்க்கையில் நான் பயந்த ஒரே சக ஊழியர். ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"டாக்டர், இத வெட்டினா என் பிளேடு உடையும். பிளேடு வெட்டணும்னா இது மொதல்ல அமிலத்துல ஊறணும். மூணு வாரம், நாலு வாரம். அதுவும் எங்க ஊறும்? என் ரூம்ல பெயிண்ட் அடிக்கிறாங்க. அமிலம், மெஷின் எல்லாம் வராண்டாவுல நிக்குது. பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம் ஒரு லேப் இருக்கு, எலும்புக்குத் தனி மெஷின் வெச்சிருக்காங்க. அங்க அனுப்புங்க. பத்து நாள்ல தருவாங்க."

"ஒரு துருவல் மட்டும் எடுத்து இங்கேயே வைத்துக்கொள்ளலாமா?"

"துருவல் எல்லாம் உங்க சக்ஷன் பாட்டில்ல போயாச்சு. பாட்டில கழுவியாச்சு. ஒரே துண்டா எடுத்தேன்னு பெருமையா சொன்னீங்களே."

கொண்டுபோக ஆள் வேண்டும். எங்கள் பணியாளர் தைப்பூசத்துக்கு விடுப்பில் போயிருந்தார். மாற்று ஆளுக்கு விண்ணப்பித்தால் நான்கு நாள் ஆகும். அந்த விண்ணப்பப் படிவத்தை வடிவமைத்தவனும் நான்தான். முப்பது நாளில் பதினொன்று போய்விட்டது. தையல் பிரித்து வீட்டுக்குக் கிளம்ப நின்ற குணசேகரன், "குடு சார், நானே எட்த்துனு போறேன். என் தலைல இருந்தது, என் கைல இருந்தா இன்னா?" என்றார்.

அந்த வாதத்தில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. கொடுத்தேன்.

அவர் நேரே ஆய்வகத்துக்குப் போயிருந்தால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். அவர் போகவில்லை. யார்டில் அவரைப் பற்றி வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மூளையில் கட்டி, ஆறு மாதம்தான், பாவம் என்று. அவருடைய கிரேனில் அமர்ந்திருந்த ஆள் கூண்டில் சாமி படம்கூட மாட்டிவிட்டான். அதனால் குணசேகரன், ஆய்வகத்துக்குப் போகிற வழியில் அரை மணி நேரம் யார்டுக்குப் போய், ஜாடியைக் காட்டி, "பாத்துக்கோ மாமு, வெறும் எலும்பு" என்று சொல்லிவிட்டு வரலாம் என்று முடிவு செய்தார். வழி என்று அவர் சொன்னது நேர் எதிர்த் திசை.

பகல் பன்னிரண்டு மணிக்கு எனக்குத் தொலைபேசி வந்தது.

"வணக்கம் சார். யார்டு மெயின் கேட்டிலிருந்து செக்யூரிட்டி சூப்பர்வைசர் பேசுறேன். எக்ஸ் சர்வீஸ்மேன். உங்க கையெழுத்து போட்ட தந்தம் ஒண்ணு இங்க பிடிபட்டிருக்கு."

"என்ன பிடிபட்டிருக்கிறது?"

"தந்தக் கட்டி, ஒண்ணு. ஓனர் பேரும் தெளிவா எழுதியிருக்கீங்க. அதுக்கு நன்றி. நேத்துதான் சார் எங்களுக்குக் கடத்தல் பத்தி கிளாஸ் எடுத்தாங்க. தங்கத்தை உருக்கிக் கட்டியா கொண்டு வருவாங்க, தந்தத்தையும் துண்டு துண்டா வெட்டிக் கொண்டு வருவாங்கன்னு படம் போட்டுக் காட்டினாங்க. அதே கலர், அதே பளபளப்பு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தங்கக் கட்டி என்றால் கட்டியான தங்கம். தந்தக் கட்டி என்றால் கட்டியான தந்தம். தமிழ் தெரிந்த எவனும் அப்படித்தான் படிப்பான். தமிழும் மருத்துவமும் தெரிந்த ஒருவன் மட்டுமே வேறு மாதிரி படிப்பான். அவன் மருத்துவமனையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"அது நோயாளியின் தலையில் இருந்த எலும்பு," என்றேன்.

"சரி சார். எந்த யானை?"

"யானை இல்லை. குணசேகரன்."

"பேரு வெச்ச யானைன்னா கோயில் யானைங்களா?"

பின்னால் குணசேகரனின் குரல் கேட்டது. "நைனா, நான்தான் நைனா குணசேகரன். பதினாறு வருசமா இந்த கேட்டுலதான் வந்துகினு போய்கினு கீறேன்."

"நீ பேசாத," என்றார் சூப்பர்வைசர். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், "எனக்கு இவர நல்லா தெரியும் சார். தங்கமான மனுஷன். அதான் இன்னும் கஷ்டமா இருக்கு."

நான் ஒரு ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அவர் தன் கடமையை முடித்திருந்தார். காட்டு விலங்குகளுக்காகக் கவலைப்படும் ஓர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, ஜாடியை அரக்கு வைத்து முத்திரையிட்டு, ரசீது கொடுத்து, எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும் முன் குணசேகரனிடம் வாக்குமூலம் வாங்கியிருந்தார். அதன் நகலை நான் இன்றும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: இப்பொருள் எத்தனை ஆண்டுகளாக உம் வசம் உள்ளது? பதில்: தெரியாது. பத்து வருடம் இருக்கும் என்று டாக்டர் சொல்கிறார்.

கேள்வி: எங்கே மறைத்து வைத்திருந்தீர்? பதில்: தலையில்.

கேள்வி: வைத்திருப்பதற்கு உரிமம் உண்டா? பதில்: தலைக்கா?

நான் கடிதம் எழுதத் தெரிந்தவன். மறுநாளே எழுதினேன். பொருள், பார்வை, வேண்டுகோள், இணைப்புகள் நான்கு. அந்த அலுவலகத்தில் நேரில் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து நினைவூட்டல். பதில் இல்லை. நேரில் போனேன். எழுத்தர் மிகவும் பணிவானவர். பொருள் வெளியூரில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டிருப்பதாகவும், எந்த விலங்கு என்று அறிக்கை வந்ததும் அந்த விலங்குக்குரிய பிரிவு எனக்குப் பதில் எழுதும் என்றும் சொன்னார்.

"மனிதன் என்று வந்தால்?"

அவர் தன் மேசை மேலிருந்த பிரிவுகளின் பட்டியலைப் பார்த்தார். "எங்ககிட்ட மனுஷங்களுக்குப் பிரிவு இல்லீங்களே சார்," என்றார் உண்மையான வருத்தத்துடன்.

முப்பது நாளில் இருபத்துநான்கு போயிருந்தது. அன்று யார்டு நிறுவனத்தின் மருத்துவ அலுவலர் என்னைக் கூப்பிட்டார். இளைஞர், புத்திசாலி, கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர். என் அறுவைக் குறிப்பை முழுதாகப் படித்திருந்தார். அப்படிப் படிப்பவர்கள் அரிது, ஆபத்தானவர்களும்கூட.

"சார், பின்சுவரில் ஒரு சிறு தகடு விடப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கட்டிதானே? அதிலிருந்து ஒரு துண்டு எடுத்து அனுப்பினால் என்ன? பயாப்ஸி பயாப்ஸிதான். எனக்கு ஒரு காகிதம் வேண்டும். அவருக்கு வேலை வேண்டும்."

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். மற்றதெல்லாம் நீங்கள் சிரிப்பதற்காக.

அது முட்டாள்தனமான யோசனை இல்லை. விதிப்படி சரி. திரும்ப அதே கீறல், ஒரு மணி நேர வேலை, என் கை நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்: அந்தத் துண்டு கிடைத்துவிட்டால் நான் விதி பதினொன்றை மீறியது யாருக்கும் தெரியாமல் போய்விடும். என் ஓய்வுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. அன்று மாலையே அறுவைக்கூடப் பட்டியலில் ஓர் இடம் பிடித்து, பென்சிலில் குணசேகரன் பெயரை எழுதினேன்.

அவரிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "எட்த்துடு சார். ஒருவாட்டி தெறந்தது தானே. மறுபடி தெறக்கறதுக்கு இன்னா."

செல்வி என்னைப் பார்த்தார். "சார், போனவாட்டி அத்த ஏன் வுட்டீங்க?"

"மூளையின் உறைக்கு மிக அருகில் இருந்தது. எடுப்பது ஆபத்து."

"இப்ப தள்ளிப் போய்ட்ச்சா?"

நான் எழுந்து நோய்க்கூறியல் துறைக்குப் போனேன். அங்கே பெயிண்ட் வேலை முடிந்து, அறை முழுவதும் வேப்பிலைப் பச்சையில் இருந்தது. தலைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாருக்கு ஆபரேஷன் டாக்டர்?"

"குணசேகரனுக்கு."

"அவனுக்கு என்ன வியாதி?"

"இப்போது ஒன்றுமில்லை."

"அப்ப ஃபைலுக்குத்தான் ஆபரேஷன். ஃபைல டேபிள்ல படுக்க வைங்க. மயக்க மருந்து நானே குடுக்கறேன்."

பட்டியலில் பென்சிலால் எழுதியதை அழித்தேன். பென்சிலில் எழுதியது அந்த மாதத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

மறுநாள் யார்டுக்குப் போனேன். மருத்துவ அலுவலர் மேசைமேல் இரண்டு ஸ்கேன் படங்களையும் விரித்தேன். அறுவைக்கு முன், அறுவைக்குப் பின். ஒரு தாளில் என் கைப்பட எழுதினேன்: இது தீங்கற்ற எலும்புக் கட்டி. புற்று அல்ல. இதைக் கண்ணால் பார்த்து, கையால் எடுத்தவன் நான். மாதிரி தொலைந்ததற்குக் காரணம் என் தவறு. நோயாளியின் தவறு அல்ல. அறிக்கை வரும்வரை இதற்கு நானே பொறுப்பு. கையெழுத்து, பதிவு எண், தேதி.

அவர் இரண்டு முறை படித்தார். "இது எந்த விதியின்படி சார்?"

"இதற்கு விதி இல்லை. கையெழுத்துதான்."

அவருக்கு அது பிடித்திருக்க வேண்டும், அல்லது நான் சீக்கிரம் எழுந்து போனால் போதும் என்று இருந்திருக்க வேண்டும். மார்ச் மாதக் கடைசி வரை அவகாசம் தந்தார். அதுவரை குணசேகரனுக்குக் கீழே வேலை: அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வரும் பெட்டிகளின் எண்ணைக் குறிப்பது. கிரேன் கிடையாது. மார்ச் முடிந்தும் அறிக்கை வராவிட்டால் அந்த அட்டையும் கிடையாது.

குணசேகரன் போனார். கண் நேராகிவிட்டது. ஒரு பெட்டி ஒன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் அதைத் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. "பழகல சார்," என்றார் ஒருமுறை. "பதினாறு வருசமா பொட்டிங்கள உச்சந்தலைலேர்ந்து தான் பாத்துகினு கீறேன். கீழ நின்னா ஒவ்வொண்ணும் பேய் மாரி கீது." நண்பர்கள் அவருக்கு 'யானை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாவியை வைத்திருந்தவன் மேலிருந்து பிளிறிக் காட்டுவானாம்.

மார்ச் மாதம் மூன்றாவது வாரத்தில் குணசேகரனை யார்டு இருக்கும் பகுதியின் காவல் நிலையத்தில் கூப்பிட்டிருப்பதாகச் செல்வி தொலைபேசியில் சொன்னார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. நான் போனபோது சப்-இன்ஸ்பெக்டர் முன் ஒரு தடித்த உறை பிரிந்து கிடந்தது; குணசேகரன் எதிரே கைகட்டி நின்றிருந்தார், செல்வி கதவோரம்.

"எலும்பு யாருதுய்யா?"

"என்னுது சார்."

"உங்க வீட்டுல யாராச்சும் காணாம போயிருக்காங்களா?"

"இல்ல சார்."

"பின்ன யாரோட எலும்பு?"

"என்னுது சார்."

"ஆளு எங்கய்யா?"

"நான்தான் சார் ஆளு."

வெளியூர் ஆய்வகம் தன் வேலையைச் செவ்வனே செய்திருந்தது. யானைத் தந்தத்தை வெட்டினால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும். இதில் அவை இல்லை. ஆகவே தந்தம் அல்ல. எலும்பு. விலங்கின் எலும்பா என்று பார்த்தார்கள். அல்ல. மனித எலும்பு. இறந்த மனிதனின் எலும்பு கிடைத்தால் விதிப்படி காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எனவே அறிக்கையின் நகலை இங்கே அனுப்பிவிட்டார்கள். உயிரோடிருக்கும் மனிதனின் எலும்பு கிடைத்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அவர்கள் விதியில் இல்லை.

நான் யார் என்று சொன்னேன். அறிக்கையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஆறு பக்கம். அடர்ந்த, முதிர்ந்த எலும்புத் திசு, ஒழுங்கான அடுக்குகள், ஒழுங்கான குழாய்கள், வேறு எந்த விதமான செல்களும் காணப்படவில்லை. நுண்ணோக்கிப் படங்கள் எட்டு, வண்ணத்தில். என் முப்பத்தைந்து வருடத்தில் இவ்வளவு நல்ல பயாப்ஸி அறிக்கையை நான் பார்த்ததில்லை.

"சார், இது அருமையாக இருக்கிறது," என்றேன்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கவலையோடு பார்த்தார். "டாக்டர், எனக்கு ஒரு சிக்கல். இந்தப் படிவத்துல 'இறந்தவர் பெயர்'னு ஒரு கட்டம் இருக்கு. அத நிரப்பாம ஃபைல முடிக்க முடியாது."

"'எவரும் இறக்கவில்லை' என்று எழுதுங்கள்."

"பேரு கேட்டிருக்கே."

குணசேகரன் அலுத்துப் போயிருந்தார். "என் பேரயே எழுதிக்கோ சார். வேலையாவட்டும்."

"எழுதிடாத சார்," என்று செல்வி முன்னால் வந்தார். "நாளைக்கே ரேசன் கார்டுல பேர எட்த்துடுவான். அப்பறம் இவன் உயிரோட கீறான்னு நான் எந்த ஆபீசுக்குப் போய் நிக்கறது? டாக்டர் ஒரு எலும்புக்கே ரெண்டு மாசமா நின்னுகினு கீறாரு."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்து, அந்தக் கட்டத்தில் 'நேரில் ஆஜர்' என்று எழுதினார். நான் பல நிர்வாகிகளோடு வேலை பார்த்திருக்கிறேன். அவரை மறக்க மாட்டேன். அறிக்கையை நகலெடுத்துக்கொள்ள ஒரு காவலரையும் கூட அனுப்பினார்.

அந்த நகலை எங்கள் தலைவியிடம் கொண்டுபோனேன். அவர் எட்டுப் படங்களையும் ஜன்னலருகே வைத்துப் பார்த்தார். படத்தைப் பார்த்து நோய் சொல்வது நல்ல பழக்கமில்லை என்று என்னைத் திட்டினார். விதி பதினொன்றுக்காகவும் திட்டினார். பிறகு அந்த ஆய்வகத்தைத் தொலைபேசியில் பிடித்து, எலும்புச் சீவல் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளையே கேட்டு வாங்கி, மூன்றாம் நாள் தன் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, இரண்டு வரி எழுதி முத்திரை வைத்தார்: தீங்கற்ற எலும்புக் கட்டி. புற்றுக்கான அறிகுறி இல்லை. 'தந்தம்' என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

மார்ச் மாதக் கடைசிக்கு முந்தைய நாள் குணசேகரன் அதை யார்டில் கொடுத்தார். ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் கிரேன் சாவி கைக்கு வந்தது. கூண்டிலிருந்த சாமி படத்தை அவர் கழற்றவில்லை. தும்பிக்கை உள்ள சாமி என்பதால் அது தனக்காக மாட்டியது என்று எடுத்துக்கொண்டாராம்.

நீங்கள் என்னிடம் கேட்கக்கூடிய கேள்வி: சீட்டில் வேறு சொல் எழுதியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காதே? ஆமாம். ஜாடியை நானே கொண்டுபோயிருந்தால்? ஆமாம். அவை எளிய தவறுகள். கையேட்டில் திருத்தம் சேர்த்துவிட்டேன். விதி பதினொன்று, உட்பிரிவு இ: சீட்டில் உவமைகள் கூடாது. ஆனால் இவையெல்லாம் இரண்டாம் கேள்விகள். பென்சிலால் எழுதிய அந்தப் பெயரைத்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன். செல்வி கேட்ட கேள்வியை நான் எனக்கே கேட்டிருக்க வேண்டும். ஒரு தவறை மறைக்க ஒரு மனிதனின் நெற்றியைத் திறக்கும் அளவுக்கு நான் போயிருந்தேன். அதுவும் எல்லா விதிகளும் என் பக்கம் இருக்க.

மே மாதம் ஓய்வு பெற்றேன். என் முதல் கடிதத்துக்குப் பதில் அதன் பிறகு வந்தது, மருத்துவமனை முகவரிக்குப் போய், அங்கிருந்து திருப்பிவிடப்பட்டு என் வீட்டுக்கு. கூடவே ஒரு சிறு பெட்டி. அதற்குள் அதே ஜாடி, புதிய சீட்டுடன்: *பொருள் ஒன்று. யானை: இல்லை.* கடிதம் இரண்டே வாக்கியம். ஆய்வின் முடிவில் மேற்படி பொருளுக்கும் எந்த விலங்குக்கும் தொடர்பில்லை எனத் தெரியவருவதால் பொருள் திருப்பி அனுப்பப்படுகிறது. உரிமையாளர் ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து ஒப்புகை அளிக்காவிடில் அவருக்கு இப்பொருளில் உரிமை இல்லை எனக் கருதப்படும்.

குணசேகரனைக் கூப்பிட்டேன். செல்விதான் எடுத்தார். "அவுரு மேல கீறாரு சார். மேல ஏறினா போன் கீழ குட்த்துடணும், ரூல்ஸ். இன்னா விசயம்?"

"அவருடைய எலும்பு திரும்ப வந்திருக்கிறது."

"வெச்சிக்கோ சார். எங்க வூட்ல எடமில்ல."

அது என் மேசைமேல், காகிதங்கள் பறக்காமலிருக்க உதவுகிறது. கடிதத்தில் போட்டிருந்த தேதி ஏப்ரல் ஒன்பது. அது என் கைக்கு வந்து சேர்ந்தது ஆகஸ்ட் மாதம் ஆறாம் தேதி, புதன்கிழமை.